ஏட்டில் ஏறாத ஆமை

ஆமை நடை என்ற சொல்லுக்கு நெடுங்காலம் ஒரே பொருள்தான் இருந்தது. சென்னைக்காரர்கள் அதற்கு இரண்டாவது பொருள் கொடுத்து ஐம்பது ஆண்டு ஆகிறது. 1970களின் தொடக்கத்தில் பாம்புப் பண்ணை ராமுலஸ் விட்டேக்கரும் அவருடைய கூட்டாளிகளும் ராத்திரியில் கடற்கரை மணலில் நடந்து கடலாமைக் கூடு தேட ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருவரான சதீஷ் பாஸ்கர் பின்னாளில் இந்தியக் கரையோரத்தை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் காலாலேயே அளந்தவர். 1988-இல் மாணவர்கள் சிலர் இதைக் கையில் எடுத்து, மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு என்று ஒன்றைக் கட்டினார்கள். சம்பளம் கிடையாது, பதவி கிடையாது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் மணல். தை பிறப்பதற்கு முன்பே தொடங்கி, பங்குனி வெயில் ஏறும் வரை இரவுதோறும் யாராவது நடக்கிறார்கள். சனிக்கிழமை இரவானால் பொதுமக்களும் சேர்ந்துகொள்கிறார்கள். இதெல்லாம் பலருக்குத் தெரிந்த கதை. பருவம் முடியும்போது செய்தித்தாளில் வரும் படமும் தெரிந்ததுதான்: கூடையிலிருந்து குஞ்சுகள் கடலை நோக்கி ஓட, பின்னால் பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு நிற்பார்கள். அழகான படம், மறுக்கவில்லை. ஆனால் இந்த நடையின் உண்மையான விளைச்சல் அந்தக் கூடையில் இல்லை என்பது என் கட்சி. நடந்தவர்கள் கையில் இருக்கும் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. குஞ்சு ஒன்றுகூடப் பொரியாத ஆண்டிலும் அந்த நோட்டு ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் நடை வீண்போகவில்லை என்றே சொல்வேன். கொஞ்சம் அடாவடியாகப் படுகிறதா? பொறுங்கள், கணக்கைப் பார்ப்போம்.

முதலில் அந்த இரவு வேலை என்னவென்று கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். நம் கரைக்கு அதிகம் வருவது ஆலிவ் ரிட்லி. பங்குனி ஆமை என்ற நல்ல பெயர் அதற்கு உண்டு. இரண்டடிக்குச் சற்று மேலான ஓடு, நாற்பது கிலோ போல எடை. அது கரையேறும்போது துடுப்புக் கால்களை மாற்றி மாற்றி ஊன்றுவதால், டிராக்டர் சக்கரம் ஏறி இறங்கியது போன்ற தடம் மணலில் விழும். பேராமையின் தடத்தில் இடமும் வலமும் ஒரே கோட்டில் விழும். பங்குனி ஆமையின் தடத்தில் முன்னும் பின்னுமாக விழும். ஆமை கண்ணிலேயே படாமல் போனாலும், வந்தது எந்த இனம் என்று தடத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஏறிய தடமும் இறங்கிய தடமும் கூடும் இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். முட்டையிட்டு மூடியபின் உடம்பையே இப்படியும் அப்படியும் சாய்த்து மணலைத் தட்டிக் கெட்டிப்படுத்திவிட்டுத்தான் அது போகும். எனவே எந்த அடிக்குக் கீழே குழி என்பது எளிதில் தெரியாது. மெல்லிய குச்சியை மெதுவாக இறக்கிப் பார்ப்பார்கள். கெட்டி மணல் தடுக்கும். குழிக்கு மேலுள்ள மணல் சட்டென்று இளகிக்கொடுக்கும். அந்த இளக்கம் கைக்குத் தெரிந்ததும் குச்சியை வைத்துவிட்டுக் கையால் தோண்ட வேண்டும். ஒன்றரை அடி ஆழத்தில், கழுத்து குறுகி வயிறு பெருத்த குடம் போன்ற குழிக்குள் நூறு, நூற்றிருபது முட்டைகள் கிடக்கும். மேசைப்பந்து அளவு, தோல் போன்ற ஓடு. அவற்றை எண்ணி, குழியின் ஆழ அகலம் அளந்து, சில மணி நேரத்துக்குள் பொரிப்பிடத்துக்குக் கொண்டுபோய் அதே அளவில் வேறு குழி வெட்டி இட வேண்டும். தாமதித்தால் கரு ஓட்டின் மேல்புறத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். ஒன்றரை மாதம் கழித்துத்தான் குஞ்சு.

வேலை இவ்வளவு நுணுக்கமானது என்பதால் முட்டைதான் எல்லாம் என்று தோன்றிவிடுகிறது. ஆயிரம் முட்டைக்கு ஓர் ஆமைதான் வளர்ந்து திரும்பும் என்று மேடைதோறும் சொல்கிறோம். அது உத்தேசம்தான், யாரும் ஆயிரம் குஞ்சின் பின்னாலேயே நீந்திப்போய்ப் பார்க்கவில்லை. ஆனாலும் அது சொல்ல வருவது சரி: குஞ்சாக இருக்கும்போது சாவு மலிவு. அப்படியானால் எந்த வயதில் காப்பாற்றினால் இனம் பிழைக்கும்? இந்தக் கேள்வியை 1987-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் டெபோரா க்ரவுஸ், லாரி க்ரவுடர், ஹால் கேஸ்வெல் மூவரும் கணிதமாகவே போட்டுப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது அமெரிக்கத் தென்கிழக்குக் கரையின் பெருந்தலை ஆமை. விடை பலரைத் திடுக்கிட வைத்தது. கரையில் ஒரு முட்டைகூடச் சேதமாகாமல் நூற்றுக்கு நூறு காத்தாலும் அந்த இனத்தின் சரிவு நிற்காது. பாதி வளர்ந்த ஆமைகளும் வளர்ந்த ஆமைகளும் கடலில் சாவதைக் குறைத்தால்தான் கோடு மேலே திரும்பும். இழுவலையில் ஆமை வெளியேற ஒரு வாசல் வைக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டதற்குப் பின்னால் இருந்த பலமான வாதம் அதுதான். நம் கதைக்கு இதில் முக்கியமான ஒரு செய்தி உண்டு. அந்தக் கணிதத்துக்கு வேண்டிய அடிப்படை எண்கள் வானத்திலிருந்து விழவில்லை. ஜார்ஜியா மாநிலத்தின் சின்னத் தீவு ஒன்றில் 1960களிலிருந்து ஆண்டுதோறும் இரவு ரோந்து போய், வந்த ஆமைக்கு அடையாளத் தகடு போட்டு எழுதிவைத்தவர்களின் ஏடுகளிலிருந்து வந்தன. முட்டையைக் காக்கப் போனவர்கள் எழுதிய ஏடுதான், முட்டையை மட்டும் காத்தால் போதாது என்று சொல்லிக்கொடுத்தது.

இனி நம் கடலுக்கு வருவோம். ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் இல்லை. மூச்சுவிட மேலே வந்தே ஆக வேண்டும். விசைப்படகின் இழுவலை தரையைத் துழாவிக்கொண்டு மணிக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே இழுபடும். மடிக்குள் மாட்டிய ஆமை மேலே வர வழியில்லாமல் மூச்சடைத்துச் சாகிறது. வலையை ஏற்றியபின் மீனவர் அதைக் கடலில் தள்ளிவிடுகிறார், வேறு என்ன செய்வார்? காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள உயிர், கரைக்குக் கொண்டுவந்தால் வம்பு. ஆக, சாவு நடக்கும் இடத்தில் சாட்சி கிடையாது. சாட்சியாக வருவது அந்த உடல்தான், அதுவும் சில நாள் கழித்து, கண் பிதுங்கி, கழுத்து வீங்கி, ஏதோ ஒரு குப்பத்தின் மணலில். விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல்மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. கிழக்குக் கரையின் மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இந்தத் தேதியையும் ஆமையின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சென்னைக் கரையில் ஆமை முட்டையிடும் உச்சம் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. தடைக்காலம் தொடங்கும்போது தாயாமைகள் பெரும்பாலும் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பியிருக்கும். தடைக்காலம் மீனின் இனப்பெருக்கத்துக்காகப் போடப்பட்டது, ஆமைக்காக அல்ல என்பது தெரியும், குறை சொல்லவில்லை. ஆனால் ஆமைக்கு ஆபத்தான அந்த மூன்று மாதத்தில் கடலில் என்ன நடக்கிறது என்பதைக் கரையிலிருந்து அறிய ஒரே வழி, ஒதுங்கும் உடல்களை விடாமல் எண்ணுவது.

2025 ஜனவரியில் அதுதான் நடந்தது. சென்னையிலும் அதை ஒட்டிய கரையோரங்களிலும் செத்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. செய்தியானது, அரசு அசைந்தது, பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. இதில் பலர் கவனிக்காத ஒன்று: 'இந்த ஆண்டு வழக்கத்துக்கு மாறாக அதிகம்' என்று சொல்ல யாரால் முடிந்தது? அந்த மாதம் மட்டும் கடற்கரைக்குப் போனவரால் முடியாது. செத்த ஆமை பத்தைப் பார்த்தவருக்கு அது அதிகமா, வழக்கமா என்று தெரிய நியாயமில்லை. அதே மணலில் முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் நடந்து எழுதியவர்களால்தான், இது வேறு மாதிரி என்று முதல் வாரத்திலேயே சொல்ல முடிந்தது. ஏடு இல்லாமல் இருந்திருந்தால் இது நான்கு நாள் துர்நாற்றமாக முடிந்திருக்கும். காலையில் உடலைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டால் மத்தியானத்துக்குள் சாட்சியம் மறைந்துவிடும் அல்லவா?

ஏடில்லாத இடத்தில் வரும் இந்த மறதியை மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995-இல் ஒரு சின்னக் கட்டுரையில் விளக்கினார். ஒவ்வொரு தலைமுறையும் தான் வேலைக்கு வந்த நாளில் கண்ட கடலையே இயல்பான கடல் என்று எடுத்துக்கொள்கிறது. அடுத்த தலைமுறை அதைவிட வற்றிய கடலை இயல்பு என்கிறது. அளவுகோலே நழுவிக்கொண்டு போவதால் இழப்பு யார் கண்ணிலும் படுவதில்லை என்றார். தாத்தா பார்த்த கடல், அப்பா பார்த்த கடல், நாம் பார்க்கிற கடல் என்று நம் வீடுகளிலும் பேச்சு உண்டு. பேச்சை யாரும் நம்பமாட்டார்கள். கிழவர்களின் பழம்பெருமை என்று தள்ளிவிடுவார்கள். தேதி போட்ட ஏட்டை அப்படித் தள்ள முடியாது. ஆனால் அந்த ஏட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு, எளிதில் தவறிவிடக்கூடிய நிபந்தனை: ஒன்றும் கிடைக்காத இரவையும் எழுத வேண்டும். ஒரு கணக்கு சொல்கிறேன். ஒருவர் பத்து இரவு நடந்து ஐந்து கூடு கண்டார். இன்னொருவர் ஐம்பது இரவு நடந்து பத்துக் கூடு கண்டார். நடந்த இரவுகளை எழுதாமல் கூட்டை மட்டும் எழுதினால் இரண்டாமவரின் கரையில் ஆமை இரு மடங்கு என்று தோன்றும். உண்மையில் முதலாமவரின் கரையில்தான் இரவுக்கு அரைக் கூடு. இரண்டாமவருக்கு ஐந்து இரவுக்கு ஒன்று. கண்டதை மட்டும் எழுதுகிற ஏடு, லாபத்தை மட்டும் எழுதுகிற கடைக் கணக்கு போல. அதை வைத்து வியாபாரம் எப்படிப் போகிறது என்று சொல்லவே முடியாது. ஒரு முட்டையும் இல்லாத, ஒரு செத்த ஆமையும் இல்லாத, கால் வலிதான் மிச்சம் என்ற இரவில் சுழியம் என்று ஒரு வரி எழுதுகிறார்களே, அந்த வரிக்குத்தான் நான் கூடைக் குஞ்சை விட அதிக மதிப்புக் கொடுப்பேன்.

சரி, கல்லூரிப் பிள்ளைகளும் ஐ.டி. ஊழியர்களும் எழுதிய எண்ணை எப்படி நம்புவது? இது வழக்கமாக வரும் ஆட்சேபம், நியாயமான ஆட்சேபமும்கூட. பயிற்சியில்லாத கண் தவறு செய்யும். இதற்குப் பதில் சொல்ல அமெரிக்காவின் பசிபிக் கரைக்குப் போக வேண்டும். அங்கே 1990களின் இறுதியில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜூலியா பாரிஷ் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார். சுருக்கப் பெயர் கோஸ்ட். வட கலிஃபோர்னியாவிலிருந்து அலாஸ்கா வரை தன்னார்வலர்கள் ஆளுக்கொரு கடற்கரைத் துண்டை எடுத்துக்கொண்டு மாதந்தோறும் நடந்து, செத்துக் கிடக்கும் கடற்பறவைகளை எழுதுகிறார்கள். பறவையின் பெயரை ஊகித்து எழுதச் சொல்வதில்லை. பாதம் எப்படி இருக்கிறது, அலகு எத்தனை மில்லிமீட்டர், இறக்கை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். தெரிந்தவர்கள் படத்தைப் பார்த்துச் சரிபார்க்கிறார்கள். எண்ணிய பறவையின் இறக்கையில் வண்ண நாடா ஒன்றைக் கட்டிவிடுவதால், அடுத்த மாதம் அதே உடல் அங்கே கிடந்தாலும் இரண்டாம் முறை கணக்கில் ஏறாது. வேலையை இப்படிப் பிரித்துக் கொடுத்துவிட்டால் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரும் விஞ்ஞானிக்குச் சமமாக எண்ணுவார். 2015 கோடையிலிருந்து 2016 வசந்தம் வரை மர் என்னும் கடற்பறவை கலிஃபோர்னியாவிலிருந்து அலாஸ்கா வரை செத்தும் செத்துக்கொண்டும் ஒதுங்கியபோது, எண்ணிக்கை ஏறத்தாழ 62,000 என்று சொல்ல முடிந்தது. அதற்கு இத்தகைய நடைகள்தான் பெரிய துணை. கடல் அளவுக்கு மீறிச் சூடேறி, இரை கிடைக்காமல் பட்டினியில் செத்த பறவைகள் அவை. ஒதுங்கியது ஒரு பங்குதான், மொத்தச் சாவு 10 லட்சத்தை நெருங்கும் என்று 2020-இல் ஆய்வு வந்தது. 2024 டிசம்பரில் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, கூடுகட்டும் பாறைகளில் எண்ணிப் பார்த்து, அலாஸ்காவில் மட்டும் 40 லட்சம் போயிருக்கும், அங்கிருந்தவற்றில் ஏறத்தாழப் பாதி என்றது. கரையில் எண்ணியவர்கள் மிகைப்படுத்துவார்கள் என்று பயந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் எண் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் மணி முதலில் அடித்தது கரையில்.

தன்னார்வலரின் தவறு அவருடைய அறியாமையில் இருப்பதைவிட அவருடைய நாட்காட்டியில்தான் அதிகம் இருக்கிறது. தேர்வு வந்தால் நடை நிற்கும். சனி ஞாயிறு கூட்டம், புதன்கிழமை ஆளில்லை. செய்தியில் வந்த மறுநாள் கரையெல்லாம் கண்கள், அடுத்த மாதம் ஒருவரும் இல்லை. இனத்தைத் தவறாக எழுதுவது திருத்தக்கூடிய பிழை, படம் இருந்தால் போதும். நடக்காத இரவை எந்தப் படமும் திருப்பித் தராது. சனிக்கிழமை வரும் பொதுமக்களை நான் கேலி செய்யவில்லை. செல்பி எடுக்கட்டும், ஒரு தாயாமையை நேரில் பார்த்தவர் பிறகு வீட்டு மாடி விளக்கை அணைக்கத் தயங்கமாட்டார். ஆனால் ஏட்டைத் தாங்குவது புதன்கிழமைக்காரர்தான்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. கரையில் ஒதுங்கும் உடல் கடலில் செத்ததன் கணக்கா, காற்றின் கணக்கா? ஜனவரியில் வடகிழக்கிலிருந்து வாடை வீசும். மிதக்கிற எதையும் கரைக்குத் தள்ளும். காற்று திரும்பினால் அதே எண்ணிக்கையில் ஆமை செத்தாலும் உடல்கள் ஆழ்கடலுக்குப் போய்விடும், சில மூழ்கிவிடும், சில சுறாவுக்குப் போகும். ஆகவே ஒதுங்கிய உடல் அதிகம் என்றால் சாவு அதிகம் என்று உடனே சொல்லக் கூடாது. ஒப்புக்கொள்கிறேன். ஒதுங்கும் எண் ஒரு குறிகாட்டி மட்டும்தான். காய்ச்சலைக் காட்டும் தெர்மாமீட்டர் நோயின் பெயரைச் சொல்லாது, அதுபோல. ஆனால் இந்த ஆட்சேபம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். காற்றையும் சாவையும் பிரித்தறிய வேண்டுமானால் ஒரே கரையில் பல ஆண்டு எண்ணியிருக்க வேண்டும். வாடை பலமாக வீசிய ஜனவரிகளையும் வீசாத ஜனவரிகளையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால்தான், காற்றை மீறி எண் ஏறியிருக்கிறதா என்று தெரியும். அந்தந்த நாளின் காற்றுத் திசையையும் ஏட்டில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. குறைவாக எண்ணுங்கள் என்று இந்த ஆட்சேபம் சொல்லவில்லை, இன்னும் கவனமாக, இன்னும் நீண்ட காலம் எண்ணுங்கள் என்று சொல்கிறது.

மீனவர் பக்கத்துப் பேச்சைக் கேட்காமல் இதை முடிக்க முடியாது. 'நகரத்துப் பிள்ளைகள் மூன்று மாதம் வந்து எண்ணிவிட்டுப் போகிறார்கள், பழி எங்கள் தலையில் விழுகிறது' என்ற வருத்தம் குப்பங்களில் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். ஃபைபர் படகில் செவுள் வலை போடுகிறவரும் 5 கடல்மைலுக்குள் இழுவலை இழுக்கிறவரும் செய்தித் தலைப்பில் ஒரே 'மீனவர்கள்' ஆகிவிடுகிறார்கள். முன்னவர் வலையிலும் ஆமை மாட்டுவது உண்டு, அதை மறைக்க வேண்டாம். ஆனால் கரையோரம் வந்து இழுக்கும் விசைப்படகால் ஆமைக்கு முன்பே நட்டப்படுகிறவர் இவர்தான், வலையும் போகிறது, மீனும் போகிறது. நல்ல ஏடு இந்த இருவரையும் பிரித்துக் காட்டும். எந்தத் தேதியில், எந்தக் குப்பத்துக்கு நேரே, எத்தனை உடல், வலை இழை சுற்றியிருந்ததா, ஓடு உடைந்திருந்ததா என்று எழுதப்பட்டிருந்தால் பழி பொதுவாக விழாது. மோசமான ஏடு, அதாவது வெறும் மொத்த எண், எல்லார் தலையிலும் சமமாகக் கொட்டும். விசைப்படகு உரிமையாளருக்கும் இதில் பணக் கணக்கு உண்டு. வலையில் ஆமை விலக்குக் கருவி இல்லாத நாட்டு இறாலை வாங்கமாட்டோம் என்ற அமெரிக்க விதியை எதிர்த்து 1990களில் இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்புக்குப் போய் வழக்காடின. அந்தச் சண்டை ஓயவில்லை. 2019-இல் இந்தியாவின் கடல் இறாலுக்கு அமெரிக்கா கதவை அடைத்தது. கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் இறாலுக்கும் நம் வலைக்கும் ஏற்ற விலக்குக் கருவியை எப்போதோ வடிவமைத்துவிட்டது. கம்பிச் சட்டம், மேலே ஒரு வாசல், அவ்வளவுதான். மீன் கொஞ்சம் நழுவும் என்பதால் படகுக்காரர் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தை உபதேசம் மாற்றாது. அவர் வலையில் கருவி வந்தபின் அவருடைய கரையில் ஒதுங்கும் உடல் குறைந்தது என்று காட்டினால் வெளிநாட்டுச் சந்தையில் பேச ஒரு கைப்பிடி கிடைக்கும். அதைக் காட்டவும் முன்-பின் இரண்டு காலத்துக்கும் ஏடு வேண்டும்.

இதெல்லாம் அரசின் வேலை இல்லையா, சம்பளம் வாங்குகிறவர்கள் செய்ய வேண்டியதைப் பிள்ளைகள் ஏன் தூக்கம் கெட்டுச் செய்ய வேண்டும் என்று கேட்கலாம். வனத்துறை தமிழ்நாட்டுக் கரையில் தானே பொரிப்பிடங்கள் நடத்துகிறது. தன்னார்வலர்களும் துறையின் அனுமதியோடுதான் முட்டையைத் தொடுகிறார்கள். ஆனால் முட்டை சேர்ப்பதும் சாவை எண்ணுவதும் ஒரே வகை வேலை அல்ல. இழுவலை விதியைக் கண்காணிக்க வேண்டியது அரசு. விதி மீறலின் விளைவை எண்ணுவதும் அரசே என்றால், தன் தேர்வுத்தாளைத் தானே திருத்துவது போலாகிவிடும். கெட்ட எண்ணம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எண் குறைவாக இருந்தால் எல்லோருக்கும் நிம்மதி என்ற நிலை போதும். வெளியார் கையில் இரண்டாவது ஏடு ஒன்று இருந்தால் இரண்டையும் ஒத்துப் பார்க்கலாம். அதற்காகத் தன்னார்வலரை இலவசக் கூலியாளாக்கவும் கூடாது. ஒத்துப் பார்ப்பதற்குத் தன்னார்வலர், ஓட்டிப் பிடிப்பதற்கு அரசு. கடலில் ரோந்து போவது எந்த மாணவனாலும் ஆகாது.

கடைசியாக நம் ஊர்ப் பழமொழியே எதிரே வந்து நிற்கிறது: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. குஞ்சைக் காப்பாற்றினால் கண்ணெதிரே ஓர் உயிர், எழுதிவைத்தால் என்ன மிஞ்சும்? பொரிப்பிடத்தை மூடிவிடச் சொல்லவில்லை நான். நாயும் தெருவிளக்கும் நிறைந்த சென்னை மணலில் முட்டையை அப்படியே விட்டால் பிழைக்காது. வெளிச்சமான அடிவானத்தைக் கடல் என்று நம்பி நகரும் குஞ்சு, இங்கே சாலையை நோக்கித்தான் போகும். ஆனால் அந்தப் பொரிப்பிடத்துக்குள்ளேயே ஏடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஆமையின் பாலை முடிவு செய்வது மணலின் சூடு. ஏறத்தாழ 29, 30 டிகிரிக்கு மேலே போகப் போகப் பெண் குஞ்சுகள் கூடும், கீழே ஆண் குஞ்சுகள். ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான கூடுகளை அடுக்கி வைத்துவிட்டு வெப்பமானியைப் பார்த்து எழுதாமல் இருந்தால், பல ஆண்டு பெண் குஞ்சாகவே விட்டுக்கொண்டிருந்தாலும் நமக்குத் தெரியாது. அந்தக் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிட வர ஏறத்தாழப் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும். அதற்குள் கைதட்டிய பிள்ளைகளே கல்லூரி முடித்திருப்பார்கள். இந்தச் சுரைக்காயைப் பொறுத்தவரை, ஏட்டில் இருந்தால்தான் கறிக்கு உதவும்.

ஆகையால் ஒரு வேண்டுகோள். கரையோரத்தில் இருப்பவர்கள் இந்த டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை காலை நடைக்குப் போகும்போது செத்த ஆமையைக் கண்டால் தொடாதீர்கள், கடலில் தள்ளிவிடாதீர்கள். பக்கத்தில் செருப்பையோ சாவியையோ அளவுக்கு வைத்து, தலை, ஓடு, கால் தெரிகிற மாதிரி இரண்டு படம் எடுங்கள். தேதி, நேரம், எந்தக் குப்பத்துக்கு நேரே என்பதைக் குறித்துக்கொண்டு உங்கள் ஊர் வனத்துறை அலுவலகத்துக்கும் ஆமை நடைக்காரர்களுக்கும் அனுப்புங்கள். ஒரு கிலோமீட்டர் மணலை நீங்களே எடுத்துக்கொள்ள மனமிருந்தால் இன்னும் நல்லது. வாரத்தில் எந்தக் கிழமை என்று முடிவு செய்துகொண்டு அந்தக் கிழமையைத் தவறவிடாதீர்கள். போய்ப் பார்த்து ஒன்றும் இல்லையென்றால், தேதியைப் போட்டு, எதிரே சுழியம் என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.